அறிவித்தற் பலகையின் மறுபக்கம்

அம்பாறைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களுள் ஒன்றிலே, நாம் நாள்தோறும் பாடசாலைக்குச் செல்லும் வீதியின் ஓரத்தில், அண்மையில் ஓர் அறிவித்தற் பலகை நாட்டப்பட்டது. வெள்ளைத் தகரத்திலே சிவப்பு எழுத்துகள். வளவுகளிலும் வீதியோரங்களிலும் குப்பை எரித்தல் ஆகாது. வகைபிரிக்கப்படாத கழிவு ஏற்கப்படமாட்டாது. குறித்த நாளிலன்றிக் கழிவை வெளியே வைத்தல் ஆகாது. அனுமதியின்றி மதில்களிலும் மின்கம்பங்களிலும் விளம்பரம் ஒட்டுதலோ பலகை தூக்குதலோ ஆகாது. மீறுவோர் சட்டத்தின் முன் நிறுத்தப்படுவர். அஸர் தொழுகைக்குப் பின்னர்ப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் இதனையே ஊருக்கு எடுத்துரைத்தது. ஐந்து வாக்கியங்கள். ஐந்தும் குடியிருப்பாளரை நோக்கியே பேசுகின்றன. பலகையின் பின்புறத்தைச் சுற்றிச் சென்று பார்த்தோம். அது வெறுந் தகரம். குடிமக்கள் செய்ய வேண்டியவை எல்லாம் முன்புறத்தில் இருந்தன. சபை செய்ய வேண்டியது பற்றி ஓர் எழுத்துத்தானும் இல்லை.

அந்த வெறுந் தகரத்தைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகின்றோம்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுதல் நன்று. சபை எதைச் சொன்னாலும் எதிர்ப்பதே முற்போக்கு என்று எண்ணுவோர் நம்மிடையே சிலர் உளர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. குப்பை எரிப்பதைத் தடுக்கும் விதி நல்ல விதி. பொலித்தீனும் பிளாஸ்டிக்கும் முற்றத்திலே, குறைந்த வெப்பத்திலே, அரைகுறையாய் எரியும்போது எழுவது வெறும் புகையன்று. நெஞ்சறைக்குள் இறங்கும் நுண்துகள்கள் அதிலே உள்ளன. குளோரின் கலந்த பிளாஸ்டிக் வகைகள் அக்குவியலில் இருப்பின், டையொக்சின் எனப்படும் கொடிய நஞ்சும் உண்டாகின்றது. உடலின் கொழுப்பிலே படிந்து நெடுங்காலம் நிற்கும் நஞ்சு அது. தாயின் பாலூடாகக் குழந்தையையும் சென்றடைகின்றது. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை திறந்தவெளியிற் குப்பை எரிப்பதை இந்நஞ்சின் ஊற்றுகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லிக் குறித்திருக்கின்றது.

'நம் மூதாதையர் எரிக்கவில்லையா?' என்று கேட்பார்க்கு விடை எளிது. அவர்கள் எரித்தது தென்னோலையையும் சருகையும். நாம் எரிப்பது ஷொப்பிங் பையையும் பால்மா உறையையும். பழைய முற்றத்திலே மாலை நேரத்துப் புகை நுளம்பை விரட்டிற்று. இன்றைய புகை பிள்ளையை வைத்தியசாலைக்கு அனுப்புகின்றது. புதைக்கலாமே என்றால், நமது நிலம் மணல். நீர்மட்டம் கைக்கெட்டும் ஆழத்திலேயே கிடக்கின்றது. புதைத்தது கிணற்றைச் சேர அதிக நாள் ஆகாது. ஆகவே எரிக்கவும் ஆகாது, புதைக்கவும் ஆகாது. விதி சொல்வது சரியே. அவ்வாறாயின் எஞ்சியிருக்கும் வழி ஒன்றுதான்: குப்பை வீட்டிலிருந்து எடுத்துச் செல்லப்பட வேண்டும். எடுத்துச் செல்ல வேண்டியவர் யார்?

நம் வகுப்பு மாணவி ஒருத்தி. தகப்பன் இல்லை, தாய் அப்பம் சுட்டு விற்பவள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வேலியோடு ஒதுங்க வேண்டிய ஒழுங்கையொன்றில் அவர்கள் வீடு. தாய் குப்பை எரித்தாள் என்று உத்தியோகத்தர் வந்து எச்சரித்துச் சென்றனராம். இழைப்பு நோயினால் இரு நாள்கள் வராதிருந்த அந்தப் பிள்ளை மூன்றாம் நாள் நம்மிடம் கேட்டாள்: "சேர், வண்டி எங்கட ஒழுங்கைக்குள்ள வாறல்ல. சேத்து வெச்சா நாய் இழுக்கிது. எரிச்சாத் தண்டம் எண்டு சொல்றாங்க. உம்மா எங்க கொண்டு போய்ப் போடுற?"

பல்கலைக்கழகத்திலே தமிழ் பயின்று பட்டம் பெற்ற நமக்கு அக்கேள்விக்கு விடை தெரியவில்லை. சுற்றாடற் பாதுகாப்புப் பற்றி எத்தனையோ கட்டுரைகளுக்குப் புள்ளியிட்ட கை அன்று சும்மா இருந்தது. அதன் பின்னரே சட்டத்தை எடுத்துப் படிக்கத் தலைப்பட்டோம்.

சட்டம் அந்தப் பிள்ளையின் பக்கமே நிற்கின்றது. 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டத்தின் 129ஆம் பிரிவைப் படித்துப் பார்க்க. வீதிகளைக் கூட்டுதல், வீட்டுக் கழிவை உரிய காலங்களில் அகற்றுதல், அகற்றியதை முறைப்படி ஒழித்தல் ஆகிய மூன்றும் சபையின் கடமை என்று அது விதிக்கின்றது; அதுவும் மாநகர எல்லையின் ஒவ்வொரு பகுதியிலும். ஒழுங்கை குறுகியது, வண்டி நுழையாது என்ற விலக்கு அங்கே இல்லை. அடுத்துவரும் பிரிவுகள், சேர்க்கப்பட்ட கழிவு சபையின் சொத்து என்றும், அதைக் கொட்டுவதற்குத் தகுந்த இடத்தைச் சபையே ஏற்படுத்திப் பிறர்க்கு இடையூறு நேராவண்ணம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறுகின்றன. பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இதே கடமையை வகுத்திருக்கின்றது. பலகையின் மறுபக்கத்தில் எழுத வேண்டியது இதுதான். எழுதியவர்கள் இதனை அறியாதவர்களும் அல்லர்.

ஆயினும் அப்பிரிவிலே ஒரு சிறு சொற்றொடர் உண்டு. நியாயமாக இயன்ற அளவுக்கு என்பதே அது. சபை தன் கடமையைச் செய்ய வேண்டியது இயன்ற அளவுக்கு மட்டுமே! வண்டி பழுதா? இயலவில்லை. எரிபொருள் இல்லையா? இயலவில்லை. கொட்டுமிடத்திலே தகராறா? இயலவில்லை. ஆளணி போதவில்லையா? அதுவும் இயலவில்லை. நல்லது, சபைக்கும் இடர்கள் உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அப்பம் சுடும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் 'இயன்ற அளவுக்கு' என்ற சலுகையைப் பலகை ஏன் அளிக்கவில்லை? பரம்பரை வளவும் மதிலும் வேலையாளும் உடையவனுக்கும், மூன்று பேர்ச்சஸ் மணலிலே குடிசை கட்டியவளுக்கும் விதி ஒன்றே என்கின்றனர். விதி ஒன்றாயிருக்கலாம், அதைக் கைக்கொள்ளும் வசதி ஒன்றா? பெருவீதியில் உள்ள மாடிவீட்டின் வாயிலுக்கு உழவு இயந்திரப் பெட்டி வந்து நிற்கின்றது. ஒழுங்கையின் கடைக்கோடிக்கு எச்சரிக்கை மட்டுமே வந்து சேர்கின்றது.

இந்தக் குப்பை எங்கிருந்து வந்தது என்பதையும் பலகை சொல்வதில்லை. மருதமுனை நெசவாளியோ நிந்தவூர் விவசாயியோ சாய்ந்தமருது மீனவனோ பொலித்தீனைக் கண்டுபிடித்தவர்கள் அல்லர். கடதாசியிற் சுற்றிய சீனியும் ஓலைப்பெட்டியில் வந்த மீனும் வாழையிலையிற் கட்டிய சோறும் இருந்த சந்தையிலே, 1977இன் திறந்த பொருளாதாரத்திற்குப் பின்னர்ப் பொதிகள் வெள்ளமெனப் புகுந்தன. ஒரு நாள் கூலிக்காரன் ஒரு நாளைக்கு வேண்டியதையே வாங்க இயலும். அவனுக்கென்றே சிறுசிறு பொட்டலங்கள் செய்யப்பட்டன. வறுமை சிறிய பொட்டலத்தை வாங்குகின்றது. ஆகவே வறியவன் வீட்டிலேதான் வெற்றுறைகள் மிகுகின்றன. பொட்டலத்தை விற்று இலாபம் ஈட்டியவன் தலைநகரில் இருக்கின்றான். அவன் வாயிலிலே எந்தச் சபையும் பலகை நாட்டியதாக நாம் அறியோம்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 2017 ஏப்ரல் 14ஆந் திகதி, புத்தாண்டுத் தினத்தன்று, கொழும்பின் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து அதன் அடியில் வாழ்ந்த ஏழைகளின் வீடுகளை மூடிற்று. 32 உயிர்கள் பறிபோயின. பெருநகரத்தின் எச்சம் ஏழைகளைப் புதைத்த பின்னரே கொழும்பு விழித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் முதலாந் திகதி வர்த்தமானிகள் வெளிவந்தன: 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்தனவுமான பொலித்தீனுக்குத் தடை, சோறு சுற்றும் தாளுக்குத் தடை, ரெஜிபோம் உணவுப் பெட்டிக்குத் தடை, திறந்தவெளியிற் குப்பை எரித்தலுக்குத் தடை, அரசியல், சமய, சமூக வைபவங்களிலே பொலித்தீன் அலங்காரத்திற்குத் தடை. பின்னர் 2021இலும் 2023இலும் வேறு பல பொருள்கள் தடைப் பட்டியலிற் சேர்ந்தன. பட்டியல் நீண்டது, ஆனால் நம் கடைத்தெருவிலே மெல்லிய பை மறைந்துவிட்டதா? அதைச் செய்கின்ற ஆலையைத் தேடிச் செல்லாத சட்டம், அதை எரிக்கின்ற அடுப்பங்கரையைத் தேடி வருவது என்ன நியாயம்?

இனி, எடுத்துச் செல்லப்பட்ட குப்பையின் கதியைக் காண்போம். வகைபிரித்துத் தருக என்று பலகை கட்டளையிடுகின்றது. பிரித்துத் தரும் இல்லத்தரசி, தான் பிரித்தது பிரிந்தபடியே போய்ச் சேருகின்றதா என்று கேட்க உரிமையுடையவள். அஷ்ரப் நகரை அடுத்த பள்ளக்காடு நம்மவர்க்குத் தெரியாத இடமன்று. 2008இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு, மீள்சுழற்சி செய்வதற்கென்று அங்கே திட்டம் தொடங்கிற்று. சுற்றியுள்ள ஒன்பது ஊர்களின் கழிவு அங்கே செல்லலாயிற்று. சென்றது, ஆனால் மீள்சுழற்சி நடைபெறவில்லை. யானைகள் நுழையாதிருக்க இட்ட மின்வேலியை 2014இல் இடி தாக்கிற்று, அது திருத்தப்படவில்லை. காட்டிலிருந்து வந்த யானைகள் குப்பையை மேய்ந்தன. எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் பிளாஸ்டிக்கைத் தின்று மாண்டன என 2022 ஜனவரியில் உலகப் பத்திரிகைகள் எழுதின. இறந்த யானைகளின் வயிற்றிலே பொலித்தீனும் உணவுறைகளும் நீருமே காணப்பட்டன என்று மிருக வைத்தியர் கூறினார். இயற்கையான இரை எதுவும் அங்கே இல்லை.

அந்தப் படங்களைக் கண்டு உலகம் யானைக்காக இரங்கிற்று, இரங்கியது சரியே. ஆயினும் அந்த மேட்டின் அயலிலே வாழும் குடியேற்ற மக்களுக்காகவும், கையுறையின்றி அதைக் கிளறும் தொழிலாளிக்காகவும் இரங்கியோர் எத்தனை பேர்? ஊரின் அழுக்கைச் சுமப்பவன் தற்காலிக ஊழியனாகவே தன் ஆயுளைக் கழிக்கின்றான். தூய்மையை ஈமானின் பாதியாகக் கொண்ட மார்க்கம் நம்முடையது என்று மேடைதோறும் முழங்குகின்றோம். அந்தப் பாதியை நமக்காகச் சுமப்பவனை வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் தண்ணீர் கொடுக்கின்றோம்.

விளம்பரப் பலகைகள் பற்றிய விதியையும் ஒரு சொல் பேசாமல் விட இயலாது. தறிக்காரர் ஒருவர் தம் வேலியில் 'சாறன் விற்பனைக்கு உண்டு' என்று எழுதித் தொங்கவிட்டிருந்த பலகைத் துண்டு அனுமதியற்றதெனக் கழற்றப்பட்டதை நாம் கண்டோம். அதே சந்தியிலே, மூன்றாள் உயரத்திலே, அரசியற் பிரமுகர் ஒருவர் பெருநாள் வாழ்த்துக் கூறிக்கொண்டு பிளாஸ்டிக் பதாகையில் இன்றும் சிரிக்கின்றார். பெருநாள் எப்போதோ முடிந்துவிட்டது. சிரிப்பு வெயிலில் வெளிறிற்றே ஒழியக் கழற்றப்படவில்லை. அந்தப் பதாகையும் ஒருநாள் கிழிந்து விழுந்து குப்பையாகும். அப்போது அதை எரித்த குற்றம் கீழே கடை வைத்திருப்பவன்மீது சுமத்தப்படும்.

விதி ஆக்குபவரை யார் விசாரிப்பது? உள்ளூராட்சி என்ற சொல்லின் பொருளே ஊரார் தம்மைத் தாமே ஆளுதல் என்பதன்றோ? குப்பை வண்டி வராவிட்டால் வட்டார உறுப்பினரின் கதவைத் தட்டலாம். அடுத்த தேர்தலில் அவரை வீட்டுக்கு அனுப்பலாம். 2023 மார்ச் மாதத்தோடு நாடெங்கும் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, நிருவாகம் உத்தியோகத்தர் கைக்குச் சென்றது. 2025 மே 6ஆந் திகதி 339 சபைகளுக்குத் தேர்தல் நடைபெற்றது. அவற்றுள் கல்முனை மாநகர சபை இடம்பெறவில்லை. நீதிமன்றத்திலே வழக்கு நிலுவையில் இருந்தது. ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரம் அன்று வாக்களிக்காது நின்றது. வரி கட்டலாம், விதிக்குப் பணியலாம், தண்டமும் செலுத்தலாம். விதி ஆக்குவோரைத் தெரிவு செய்ய மட்டும் இயலாது. இந்நிலையிலே எழுதப்படும் எந்தப் பலகைக்கும் ஒரு பக்கமே இருப்பது வியப்பன்று.

அந்த நிலைமைக்கு நாமும் பொறுப்பாளிகளே. சாய்ந்தமருதுக்குத் தனிச் சபை என்று வர்த்தமானி வந்ததும், சில நாள்களிலேயே அது நிறுத்தப்பட்டதும் 2020 பெப்ரவரியில். கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி உண்ணாவிரதமும், அதற்கு எதிர்ப் போராட்டமும் நடந்தது 2019 ஜூனில். இக்கோரிக்கைகள் ஒவ்வொன்றின் நியாயமும் தனித்து ஆராயத்தக்கது. அதனை ஈண்டுத் தீர்த்துவிட நாம் முனையவில்லை. நாம் சொல்ல விரும்புவது வேறு. பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒரே மணற்றிடரிலே, ஒரே பெருவீதியிலே கோத்த ஊர்கள் இவை. கச்சான் காற்றும் வாடைக் காற்றும் பிரதேச எல்லையை அறியா. மருதமுனையில் எழும் புகை பாண்டிருப்புத் தமிழ்ப் பிள்ளையின் நெஞ்சிலே இறங்குகின்றது; காரைதீவில் எழும் புகை மாளிகைக்காட்டு முஸ்லிம் பிள்ளையை இழைக்க வைக்கின்றது. எல்லைக் கற்களுக்காக ஊர் திரண்டதுபோல், என்றாவது ஒருநாள் குப்பை வண்டிக்காக இரு சமூகத்து ஏழைகளும் ஒன்றாய்த் திரண்டதுண்டா? திரளக்கூடாது என்பதிலே சிலருக்கு நலன் உண்டு. அந்நலன் எவருடையது என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

'சனங்களுக்கு அறிவில்லை, தண்டம் போட்டால்தான் திருந்துவார்கள்' என்பது நமது ஆசிரியர் ஓய்வறைகளிலே அடிக்கடி கேட்கும் வாக்கியம். நடுத்தர வர்க்கத்தின் பழைய நோய் இது. 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்தபோது இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. ஏறத்தாழ 10,000 பேர். அரசின் கை எட்டுமுன்னரே மையித்துகளை அடக்கியவர்கள் யார்? உவர்நீர் புகுந்த கிணறுகளை இறைத்தவர்கள் யார்? இடிந்த வீடுகளின் கற்களை அகற்றி ஒழுங்கைகளைத் திறந்தவர்கள் யார்? அறிவில்லாதவர்கள் என்று இன்று நாம் இகழும் அதே சனங்கள்தாம். அவர்களுக்குக் குறைவாயிருப்பது அறிவன்று. வசதியும், தம் சொல் ஏறும் சபையுமே.

வசதியும் பங்கும் கிடைத்தால் மக்கள் என்ன செய்வர் என்பதற்குக் கேரளத்து ஆலப்புழை சான்று. நம்முடையதைப் போன்றே மணலும் நீரும் தென்னையும் நெருங்கிய குடியிருப்பும் கொண்ட கடற்கரை நகரம் அது. அதன் குப்பையைச் சுமந்துவந்த அயற்கிராமமான சர்வோதயபுரத்து மக்கள் 2012இல் வண்டிகளை மறித்தனர். நகரம் நாறிற்று. அப்போது அங்குள்ளோர் தண்டப் பலகையை நாட்டவில்லை. வீட்டுக்கு வீடு உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலங்களும், வட்டாரந்தோறும் பசளையாக்கும் தொட்டிகளும் மானிய விலையில் அமைந்தன. 2017இல் ஐக்கிய நாடுகள் சுற்றாடற் திட்டம் உலகுக்கு எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களுள் ஆலப்புழையும் ஒன்றாயிற்று. அதே கேரளத்திலே, கொச்சியின் கழிவை ஓரிடத்திற் குவித்த பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் தீ மூண்டு, பத்து நாள்களுக்கு மேலாக நகரம் புகையிலே மூழ்கிற்று என்பதையும் மறவாதிருப்போம். மக்களின் முற்றத்திலே தீர்வு தேடிய நகரம் மூச்சு விட்டது. தொலைவிலே கொட்டி மறந்த நகரம் மூச்சுத் திணறிற்று.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. முதலாவது, வண்டி வராத ஒழுங்கையிலே தண்டம் விதித்தல் கூடாது. உழவு இயந்திரம் நுழையாத இடத்துக்குத் தள்ளுவண்டி நுழையும். இரண்டாவது, கழிவகற்றும் தொழிலாளிக்கு நிரந்தர நியமனமும் கையுறையும் காலணியும் வேண்டும். மூன்றாவது, உணவுக் கழிவும் ஓலையும் சருகும் வட்டாரத்திலேயே பசளையாக வேண்டும். நமது குப்பை அஷ்ரப் நகரத்தின் தலையில் விழுதல் ஆகாது. நான்காவது, தடைசெய்யப்பட்ட பையை எரித்தவளைத் தேடுமுன், செய்தவனையும் மொத்தமாய் விற்றவனையும் தேட வேண்டும். ஐந்தாவது, தேர்தலின்றி எந்தச் சபையும் எமக்கு விதி எழுதலாகாது. இவற்றோடு, பலகையின் மறுபக்கமும் எழுதப்பட வேண்டும்: எந்த ஒழுங்கைக்கு எந்நாள் வண்டி வரும், வராவிடின் பொறுப்பாளர் யார், வரிப்பணம் எவ்வாறு செலவாயிற்று, கழிவு ஈற்றில் எங்கே சேருகின்றது.

கோரிக்கை எழுதிவிட்டுக் கைகழுவுதல் ஆசிரியர்க்கு அழகன்று. நாம் பணிபுரிந்த பாடசாலைகளின் பின்புறத்திலே, பரீட்சைத் தாள்களும் உணவுறைகளும் வாரந்தோறும் எரிந்ததைக் கண்டும் வாளாவிருந்தோம். முன்மண்டபத்துச் சுவரிலே சூழல் தினச் சுவரொட்டி, பின்வளவிலே புகை. அந்தத் தீயை முதலில் அணைப்போம். பின்னர், உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஒழுங்கைக்கு ஒரு கொப்பி வைக்கட்டும். வண்டி வந்த நாள், வராத நாள், எரிந்த குவியல், இழைத்த பிள்ளை என்று திகதியிட்டு எழுதட்டும். தமிழ் ஊர் மாணவரும் முஸ்லிம் ஊர் மாணவரும் அக்கொப்பிகளை ஒன்றாய்க் கட்டிக் கொண்டுபோய்ச் சபையின் மேசையிலே வைக்கட்டும். இயன்ற அளவுக்குச் செய்தோம் என்று அப்போது சொல்ல முன்வருபவர், அந்த ஏடுகளைப் புரட்டிய பின்னரே அதைச் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த மாணவியின் கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. முதற் கொப்பியை அவளே வாங்கிச் சென்றிருக்கின்றாள்.